டேட்டன் ஒப்பந்தமும் ஹோல்ப்ரூக்கின் புத்தகமும்: போரை நிறுத்தியது எது?

ரிச்சர்ட் ஹோல்ப்ரூக் எழுதிய 'டு எண்ட் எ வார்' 1998ல் வெளிவந்தது. பொஸ்னிய உள்நாட்டுப் போரை முடிவுக்குக் கொண்டுவந்த பேச்சுவார்த்தையின் கதை. 1995 நவம்பரில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகருக்குப் பக்கத்தில் உள்ள விமானப்படைத் தளத்துக்குள் மூன்று தரப்புத் தலைவர்களையும் 21 நாள் உட்கார வைத்துப் பேசி முடித்தார்கள். அந்தப் பேச்சை நடத்தியவரே எழுதிய புத்தகம் இது. வெளிநாட்டு ராஜதந்திரத்தால் ஒரு உள்நாட்டுப் போரை நிறுத்த முடியுமா என்று எங்கே விவாதம் வந்தாலும், "ஏன் முடியாது, டேட்டனைப் பாருங்க" என்று ஒருவர் சொல்லிவிடுவார்.

டேட்டன் போரை நிறுத்தியது உண்மை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எப்படி நிறுத்தியது, யாருக்கு என்ன கொடுத்து நிறுத்தியது என்பதைப் பார்த்தால், இந்தப் புத்தகம் சொல்லும் கதையும் அது தரும் தகவல்களும் ஒன்றோடொன்று முழுசாகப் பொருந்தவில்லை. கதை ஒரு திறமையான மத்தியஸ்தரைப் பற்றியது. தகவல்களோ, துப்பாக்கி வரைந்த வரைபடத்துக்கு ராஜதந்திரம் கையெழுத்து வாங்கியதைச் சொல்கின்றன. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முன்கதை, சுருக்கமாக

யூகோஸ்லாவியா உடையத் தொடங்கிய காலம். 1991 மக்கள்தொகைக் கணக்குப்படி பொஸ்னியாவில் சுமார் 44 லட்சம் பேர். முஸ்லிம்கள் (இன்று பொஸ்னியாக்குகள்) ஏறக்குறைய 44 சதவீதம், செர்பியர்கள் 31, குரோவாசியர்கள் 17. மிச்சப் பேரில் பலர் தங்களை "யூகோஸ்லாவியர்" என்றே பதிந்துகொண்டவர்கள். கலப்புத் திருமணங்களில் பிறந்த பிள்ளைகளும் அதில் உண்டு. அந்த மிச்சப் பேரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

1992 ஏப்ரலில் போர் தொடங்கியது. பெல்கிரேடில் ஆட்சியில் இருந்த மிலோசெவிச்சின் ஆதரவோடு பொஸ்னிய செர்பியப் படைகள் நாட்டின் ஏறத்தாழ 70 சதவீத நிலத்தைப் பிடித்தன. பிடித்த இடங்களிலிருந்து மற்ற இனத்தவரைக் கொன்றார்கள், முகாம்களில் அடைத்தார்கள், விரட்டினார்கள். தலைநகர் சாராயேவோ கிட்டத்தட்ட நான்கு வருஷம் முற்றுகையில் கிடந்தது. 1993ல் பொஸ்னியாக்குகளும் குரோவாசியர்களும் தங்களுக்குள்ளேயே ஒரு தனிப் போர் போட்டுக்கொண்டார்கள். மொத்தத்தில் செத்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். வீடிழந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்.

திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை

டேட்டனை மட்டும் தனியாகப் பார்ப்பவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் மூன்றரை வருஷம் ராஜதந்திரம் சும்மா இருக்கவில்லை.

1992ல், போர் வெடிக்கும் முன்பே, ஐரோப்பியச் சமூகத்தின் சார்பில் கரிங்டன்-குட்டிலெய்ரோ திட்டம். 1993 ஜனவரியில் நாட்டைப் பத்து மாகாணங்களாகப் பிரிக்கும் வான்ஸ்-ஓவன் திட்டம். அதே வருஷம் ஓவன்-ஸ்டோல்டன்பெர்க் திட்டம். 1994 ஜூலையில் அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஐந்தும் சேர்ந்த தொடர்புக் குழுவின் திட்டம்.

வான்ஸ்-ஓவன் திட்டத்துக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 1993 மே மாதம் ஏதென்ஸில் பொஸ்னிய செர்பியத் தலைவர் கராஜிச்சிடமிருந்து கையெழுத்தே வாங்கிவிட்டார்கள். மிலோசெவிச்சும் கூடவே இருந்து வற்புறுத்தினார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, பாலே என்ற ஊரில் கூடிய பொஸ்னிய செர்பிய மன்றம் அதை நிராகரித்தது. வேண்டாம் என்றால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. அது அவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவும் அந்தத் திட்டத்துக்கு முழு மனதோடு முட்டுக்கொடுக்கவில்லை. டேவிட் ஓவன் தன்னுடைய 'பால்கன் ஒடிசி' புத்தகத்தில் இந்தக் கோபத்தைக் கொட்டியிருக்கிறார். ஹோல்ப்ரூக்கைப் படிப்பவர்கள் அதையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

அடுத்து 1994ன் தொடர்புக் குழுத் திட்டம். நிலத்தில் 51 சதவீதம் பொஸ்னியாக்-குரோவாசியக் கூட்டமைப்புக்கு, 49 சதவீதம் செர்பியர்களுக்கு. செர்பியர்கள் கையில் அப்போது 70 சதவீதம் இருந்தது. இருப்பதை விட்டுக்கொடுக்க எவன் சம்மதிப்பான்? நிராகரித்தார்கள்.

16 மாதம் கழித்து டேட்டனில் கையெழுத்தான விகிதமும் அதே 51:49 தான்.

அதாவது தீர்வின் முக்கிய எண் மாறவே இல்லை. 1994 ஜூலையில் மேசையில் இருந்த கணக்கே 1995 நவம்பரிலும் மேசையில் இருந்தது. நடுவில் ஸ்ரெப்ரெனிட்சா நடந்தது. ஐ.நா. "பாதுகாப்பு வலயம்" என்று அறிவித்திருந்த அந்த ஊரில், 1995 ஜூலையில் ஒரு சில நாட்களில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களையும் பையன்களையும் கொன்றார்கள். ஆக, ராஜதந்திரத்தின் பங்கை அளக்க நினைப்பவர் கேட்க வேண்டியது டேட்டன் ஏன் வென்றது என்பதை மட்டும் இல்லை. அதே கணக்கு முந்தின வருஷம் ஏன் தோற்றது என்பதையும் கேட்க வேண்டும்.

நிலம் மாறியது, பிறகு மனம் மாறியது

1995 கோடையில் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன.

ஒன்று, ஸ்ரெப்ரெனிட்சாவும் பக்கத்தில் ஷேப்பாவும் விழுந்தன. கிழக்கே செர்பியப் பகுதிக்கு நடுவில் தீவு மாதிரி நின்ற இந்த ஊர்கள்தான் எல்லா வரைபடங்களுக்கும் சிக்கலாக இருந்தவை. படுகொலை அந்தச் சிக்கலை "தீர்த்துவைத்தது". எழுதவே கை கூசுகிறது, ஆனால் டேட்டன் வரைபடம் அவ்வளவு சுலபமாக வரையப்பட்டதற்கு இதுவும் காரணம்.

இரண்டு, ஆகஸ்ட் தொடக்கத்தில் குரோவாசிய ராணுவம் "புயல்" நடவடிக்கையில் தன் நாட்டில் செர்பியர்கள் பிடித்து வைத்திருந்த கிராயினா பகுதியைச் சில நாட்களில் மீட்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர்கள் அகதிகளாக ஓடினார்கள். அதே வேகத்தில் குரோவாசிய, பொஸ்னியாக் படைகள் மேற்கு பொஸ்னியாவுக்குள் முன்னேறின. 1994 மார்ச்சில் அமெரிக்கா வாஷிங்டனில் வைத்து இந்த இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தி ஒரே கூட்டமைப்பாக்கியிருக்காவிட்டால் இது நடந்திருக்காது. ராஜதந்திரத்தின் உண்மையான வெற்றி என்று நான் முதலில் எண்ணுவது இதைத்தான், ஆனால் டேட்டன் வெளிச்சத்தில் இது கண்ணில் படுவதில்லை.

மூன்று, ஆகஸ்ட் 28 அன்று சாராயேவோ மார்க்கலே சந்தையில் குண்டு விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 30ம் தேதி நேட்டோ விமானத் தாக்குதல் தொடங்கியது.

செப்டம்பர் கடைசிக்குள் செர்பியர்கள் கையில் இருந்த 70 சதவீதம் நாட்டின் ஏறக்குறைய பாதியளவுக்குச் சுருங்கிவிட்டது. இப்போது 49 சதவீதம் என்பது அவர்களுக்கு நஷ்டமாகத் தெரியவில்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியாகத் தெரிந்தது. ஒரே எண். பார்க்கிற இடம்தான் வேறு.

சும்மா சொல்லக்கூடாது, ஹோல்ப்ரூக் இதை மறைக்கவில்லை. செப்டம்பர் நடுவில் குரோவாசிய அதிபர் துஜ்மனைச் சந்தித்து, இன்னின்ன ஊர்களைப் பிடியுங்கள், ஆனால் பான்யா லூக்காவைத் தொடாதீர்கள் என்று சொன்னதை அவரே எழுதுகிறார். பான்யா லூக்கா விழுந்தால் லட்சக்கணக்கில் செர்பிய அகதிகள் கிளம்புவார்கள், 51:49 கணக்கும் எதிர்ப்பக்கம் குடைசாயும். போரை நிறுத்த வந்த தூதர், எந்த ஊர் வரை போர் நடக்கலாம் என்று அளவு சொல்கிறார். இதைப் படித்துவிட்டு "பேச்சுவார்த்தை போரை வென்றது" என்று சொல்ல முடியாது. பேச்சும் போரும் அந்த மாதங்களில் ஒரே வேலையின் இரண்டு கைகள்.

என் குறை எங்கே என்றால், இத்தனையும் சொல்லிவிட்டு, புத்தகத்தின் நடை இதை ஒரு தனி மனிதரின் விடாமுயற்சிக் கதையாகவே நகர்த்துகிறது. முதல் அத்தியாயம் இக்மான் மலைப்பாதை விபத்து. 1995 ஆகஸ்ட் 19 அன்று, சாராயேவோவுக்கு வேறு பாதுகாப்பான வழி இல்லாததால் அந்த மண் சாலையில் போன கவச வாகனம் உருண்டு, அவருடைய குழுவில் ஃப்ரேஷர், குரூஸல், ட்ரூ மூவரும் இறந்தார்கள். மனதை உலுக்கும் பக்கங்கள், உண்மையான துக்கம். அதற்கப்புறம் வரும் எல்லாவற்றையும் அந்தத் துக்கத்தின் கண் வழியாகவே பார்க்கிறோம். அதனால் கேள்வி கேட்க வேண்டிய இடங்களில் வாசகர் கேட்காமலே தாண்டிப் போய்விடுகிறார்.

அப்படியானால் தூதர்கள் என்னதான் செய்தார்கள்?

நிறையவே செய்தார்கள். "எல்லாம் குண்டுதான் செய்தது" என்பதும் சோம்பேறித்தனமான பதில்.

முதல் காரியம், யார் பேசுவது என்பதைத் தீர்த்தது. மூன்று வருஷமாகப் பெல்கிரேடைக் கேட்டால் பாலேயைக் கை காட்டும், பாலேயைக் கேட்டால் மன்றத்தைக் கை காட்டும். ஆகஸ்ட் 30 அன்று மிலோசெவிச் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பொஸ்னிய செர்பியத் தலைவர்கள் தங்கள் சார்பில் பேசும் அதிகாரத்தை அவருக்குக் கொடுத்து, செர்பியத் திருச்சபைத் தலைவர் சாட்சியாகக் கையெழுத்திட்ட ஆவணம். கராஜிச்சும் தளபதி மிளாடிச்சும் ஹேக் தீர்ப்பாயத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள், டேட்டனுக்கு வந்தால் கைதாவார்கள். ஆக, பேச வேண்டிய ஆள் ஒருவர் ஆனார்.

இரண்டாவது, அந்த ஒருவருக்கு ஒரு தேவை இருந்தது. 1992 மே முதல் ஐ.நா. பொருளாதாரத் தடையில் செர்பியப் பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்தது. தடை நீங்க வேண்டும் என்பது மிலோசெவிச்சின் அவசரம். அந்தக் கயிறு அமெரிக்கர்கள் கையில் இருந்தது.

மூன்றாவது, நுணுக்கமான வேலை. கணினித் துறை ஆள் என்பதால் எனக்குப் பிடித்த இடம் இது. கிழக்கே மிஞ்சியிருந்த கோராஷ்தே ஊரைச் சாராயேவோவோடு இணைக்க எவ்வளவு அகலத்தில் ஒரு தாழ்வாரம் வேண்டும்? மிலோசெவிச் குறுகலாகக் கேட்டார். அமெரிக்க ராணுவத்திடம் செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலப்பரப்பைத் திரையில் முப்பரிமாணமாகக் காட்டும் 'பவர்சீன்' என்ற மென்பொருள் இருந்தது. அவரை அதன் முன்னால் உட்கார வைத்து, மலைகளுக்கு மேலே பறப்பது போலக் காட்டி, உங்கள் பாதை ஓடாது என்று புரிய வைத்தார்கள். கூடவே விஸ்கியும் ஓடியது. வரைபடக் காகிதத்தில் தீராத வாக்குவாதம் திரையில் தீர்ந்தது.

கடைசி நாட்களில், விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து செர்பியப் பங்கு 45 சதவீதத்துக்கு இறங்கிவிட்டதைக் கண்டு மிலோசெவிச் கொதித்ததும், அந்தக் கணக்கைச் சரிக்கட்ட பொஸ்னியாக் பிரதமர் சிலாய்ஜிச் குரோவாசியர்கள் பிடித்த நிலத்தை எடுத்துக் கொடுக்க, குரோவாசிய வெளியுறவு அமைச்சர் வெகுண்டு எழுந்ததும் நாடகம் மாதிரியே இருக்கும். பிர்ச்கோ என்ற ஒரு ஊரால் எல்லாம் கவிழப் பார்த்து, அதைப் பிற்பாடு நடுவர் தீர்ப்புக்கு விடலாம் என்று தப்பித்தார்கள்.

இந்தப் பக்கங்களுக்காகவே புத்தகத்தைப் படிக்கலாம். காலம் கனிந்த பிறகும் பழம் தானாக விழாது, பறிக்க ஆள் வேண்டும் என்பதை இவ்வளவு விவரமாகச் சொல்லும் புத்தகங்கள் குறைவு.

மேசையில் இல்லாதவர்கள்

இனிதான் என் முக்கியமான மறுப்பு.

டேட்டன் வெறும் போர்நிறுத்த ஆவணம் இல்லை. அதற்கு 11 பின்னிணைப்புகள். நான்காவது பின்னிணைப்பு பொஸ்னியாவின் அரசியலமைப்புச் சட்டம்! ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம், சமாதான ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக, வெளிநாட்டு விமானப்படைத் தளத்தில் எழுதப்பட்டது. மக்கள் அதற்கு ஓட்டுப் போடவில்லை. எங்கள் வேலையில் நள்ளிரவில் சிஸ்டம் விழுந்தால் ஒரு தற்காலிக பேட்ச் போடுவோம், காலையில் ஒழுங்காகச் செய்யலாம் என்று. அந்தக் காலை வராது. நான்காம் பின்னிணைப்பு அப்படித்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதன்படி நாட்டுக்கு மூன்று பேர் கொண்ட தலைமை: ஒரு பொஸ்னியாக், ஒரு குரோவாசியர், ஒரு செர்பியர். சரி, யூதர்? ரோமா இனத்தவர்? எந்த இனப்பெயரும் வேண்டாம் என்பவர்? முன்னால் சொன்ன அந்த மிச்சப் பேர்தான் இவர்கள். சட்டத்தில் இவர்களுக்குப் பெயர் "மற்றவர்கள்". இவர்கள் தலைமைப் பதவிக்குப் போட்டியிடவே முடியாது. யாகோப் ஃபின்சி என்ற யூதரும் டெர்வோ செய்டிச் என்ற ரோமா தலைவரும் வழக்குப் போட்டு, 2009 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம் திருத்தப்படவில்லை. திருத்த வேண்டியவர்கள் அந்தச் சட்டத்தால் பதவியில் இருப்பவர்களே.

ஏன் இப்படி ஆனது? "மற்றவர்களிடம்" படை இல்லை. டேட்டன் மேசையில் நாற்காலி போட்டது நிலம் பிடித்தவர்களுக்கு.

தன் ஒப்பந்தத்தில் குறைகள் உண்டு என்று ஹோல்ப்ரூக் ஒத்துக்கொள்கிறார். ஒரே நாட்டில் இரண்டு ராணுவங்களை விட்டுவைத்தது, 'ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா' என்ற பெயரை அனுமதித்தது, சர்வதேசக் காவல் படையைப் பலவீனமாக அமைத்தது. நேர்மையான பட்டியல். ஆனால் இவற்றை அவர் வேலை முறையில் வந்த பிழைகளாக எண்ணுகிறார். எனக்கோ அவை விலையாகவே தெரிகின்றன. நிலம் பிடித்தவனோடு பேசித்தான் சுடுவதை நிறுத்த முடியும் என்றால், அவன் பிடித்ததில் ஒரு பங்கை அவனுக்குச் சட்டப்படி எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இனச்சுத்திகரிப்பால் உருவான எல்லைக்கு டேட்டன் ஒரு பெயர் கொடுத்தது.

இந்த விலை பொஸ்னியாவோடு நிற்கவும் இல்லை. பக்கத்தில் கோசோவோவில் அல்பேனியர்கள் இப்ராகிம் ருகோவா தலைமையில் பல வருஷம் ஆயுதம் எடுக்காமல் போராடிக்கொண்டிருந்தார்கள். தனிப் பள்ளிகள், தனி மருத்துவ நிலையங்கள் நடத்தி, அகிம்சையாக. டேட்டன் ஒப்பந்தத்தில் அவர்களுக்கு எதுவும் இல்லை. மிலோசெவிச் தேவைப்பட்ட நேரத்தில் அவருக்குப் பிடிக்காத பேச்சை யார் எடுப்பார்கள்? அங்கிருந்த இளைஞர்கள் என்ன பாடம் படித்திருப்பார்கள்? துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு 49 சதவீதம் கிடைத்தது, பொறுமையாக இருந்தவனுக்குப் பூஜ்யம். அதன் பிறகுதான் கோசோவோ விடுதலைப் படை வளர்ந்தது. 'டு எண்ட் எ வார்' கடைகளுக்கு வந்த அதே 1998ல் கோசோவோ போர் வெடித்தது. சமாதானத்தின் பங்காளியாக டேட்டனில் வரவேற்கப்பட்ட மிலோசெவிச் 1999ல் போர்க்குற்றவாளியாகக் குற்றம் சாட்டப்பட்டார்.

நிறுத்தாமல் விட்டிருக்கலாமா?

விட்டிருக்கவே கூடாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இந்த விமர்சனம் வசதியான நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலையாகிவிடும். நியாயமான ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்கலாம் என்று சாராயேவோவில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றவரிடம் யாரும் சொல்ல முடியாது. டேட்டனுக்குப் பின் நேட்டோ தலைமையில் 60,000 துருப்புகள் போனார்கள். போர் திரும்ப வரவில்லை. 2004க்குள் அகதிகளும் உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்களுமாகப் பத்து லட்சம் பேர் வீடு திரும்பியதாக ஐ.நா. கணக்குச் சொன்னது. அது சின்ன விஷயமா?

தமிழில் இந்தப் புத்தகத்தைப் பேசும்போது இலங்கை பற்றிய கேள்வி வராமல் போகாது: "நார்வேயால் ஏன் இதைச் செய்ய முடியவில்லை?" நார்வே நல்ல நோக்கத்தோடு வந்ததா, திறமையாகப் பேசியதா என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டுவிட்டோம். இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் வைத்தால் விஷயம் இன்னும் எளிதாகப் புரியும். 2002 பிப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கையில், எந்தத் தரப்பும் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்று எழுதியிருந்தது. 2008 ஜனவரியில் இலங்கை அரசு அதைத்தான் செய்தது. கண்காணிப்புக் குழுவிடம் ஆயுதம் இல்லை. விலகுபவர் எதையும் இழக்க வேண்டியதில்லை என்றால், மத்தியஸ்தர் ஹோல்ப்ரூக்காக இருந்தாலும் கதை பாலே மன்றத்தில் நடந்தது போலத்தான் முடியும். இந்த ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்கக்கூடாது, இரண்டு போர்களும் வேறு வேறு.

எனவே புத்தகத்தைப் படியுங்கள், கட்டாயம் படியுங்கள். ஆனால் கையில் ஒரு பென்சிலோடு. ஒவ்வொரு அத்தியாயத்திலும் அந்த வாரத்தில் யார் எவ்வளவு நிலம் வைத்திருந்தார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். எந்தத் தலைவர் எப்போது இறங்கி வருகிறார் என்பது, உரையாடல்களைவிட அந்த ஓரக் குறிப்பில் தெளிவாகத் தெரியும். கூடவே இன்னொரு பட்டியலும் போடுங்கள்: டேட்டனில் அறை ஒதுக்கப்படாதவர்கள் யார் யார் என்று. ஃபின்சியும் செய்டிச்சும் ஜெயித்த வழக்கு இன்னும் அமலாகாமல் கிடப்பதற்கும், ருகோவாவின் பொறுமை வீணானதற்கும் காரணம் அந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கிறது.